டாஸ்க் ஆப் மாத்தினவைக்கு: பழையதை விட்டிட்டு புதுசில ஊண்டிக்கொள்ளுறது எப்பிடி (முழுமையான வழிகாட்டி)

நாங்கள் ஆறு பேர். கிளிநொச்சியில இருந்துகொண்டு வன்னி முழுக்கப் போய் தண்ணி மோட்டர் பூட்டுறது, திருத்துறது, சொட்டுநீர்ப் பாசனம் போடுறது எண்டு வேலை செய்யிறம். எந்த வீட்டுக்கு எண்டைக்குப் போறது, ஆருக்கு என்ன பாட்ஸ் ஓடர் போட்டது, ஆரிட்டக் காசு வரவேணும் எண்டதெல்லாம் முதல் ட்ரெல்லோ எண்ட ஆப்பில இருந்தது, பிறகு டொடுயிஸ்ட் எண்ட ஆப்புக்கு மாறினம், ரெண்டும் செய்யவேண்டிய வேலையளை (டாஸ்க்) எழுதி வைக்கிற ஆப்புகள். அதுக்குப் பிறகு எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆப் மாத்தேக்கயும் பக்கத்தில இருந்து பாத்திருக்கிறன், ஒரு மாதர் சங்கச் செயலாளர் அக்கா, உழவு மெசின் வாடகைக்கு விடுற மச்சான், ஒரு முன்பள்ளி ரீச்சர். ஆள் வேற, ஆப் வேற, ஆனா எல்லாரும் தடக்குப்பட்டது கிட்டத்தட்ட ஒரே இடத்தில.

டாஸ்க்கைக் கொண்டு போறதில ஒருத்தரும் தோக்கேல்ல. முதல் கிழமையில ஒரு ரிமைண்டர் அடிக்காமல் விட்டது, அதால ஒரு வேலை தவறினது, அந்த ஒண்டோட ஆப்பில இருந்த நம்பிக்கை போயிட்டுது. பிறகு பாதி பழைய ஆப்பில, பாதி புதுசில, மிச்சம் வாட்ஸப்பில எண்டு சிதறி, கடைசியில ஒண்டையும் நம்பாமல் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிற நிலைமை. அதாலதான் கீழ சொல்லுற ஒழுங்கை மாத்தாமல் செய்யச் சொல்லுறன். எந்த ஆப் நல்லது எண்ட கதைக்கு நான் வரேல்ல, நீங்கள் ஏற்கனவே மாறுறது எண்டு முடிவெடுத்திட்டியள் எண்டு வைச்சுத்தான் எழுதுறன்.

1. முதல்ல காலத்தைத் தெரிவு செய்யுங்கோ

வேலை நெருக்கிற நேரத்தில மாத்தாதேங்கோ. எங்களுக்கு மாரி தொடங்கி கார்த்திகை, மார்கழியில மோட்டர் வேலை குறைவு, அந்த இடைவெளியிலதான் மாத்தினம். மச்சானுக்கு அது சரிவராது, அவருக்கு காலபோக (மாரி நெல்) உழவும் விதைப்பும் அப்பத்தான் முடியுது, தை மாசியில அறுவடை எண்டு திரும்ப ஓட்டம், அவருக்கு இடையில வாற ஒரு மூண்டு நாலு கிழமைதான் கிடைச்சது. ரீச்சருக்கு எண்டா தவணை விடுமுறை.

காரணம் என்னண்டா, புது ஆப்போட முதல் ரெண்டு கிழமை நீங்கள் ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் மெதுவாத்தான் போவியள், எந்த பட்டன் எங்க எண்டு தேடவேணும். நெருக்கிற நேரத்தில அந்தப் பொறுமை இருக்காது, உடன பழையதைத் திறந்திடுவியள்.

நாளும் முக்கியம். வெள்ளி பின்னேரம் தொடங்கி சனி, ஞாயிறில பிழையளைத் திருத்திப்போட்டு திங்கள் வேலைக்கு இறங்கிறது நல்லது. திங்கள் விடிய தொடங்கினா அண்டைக்கு வாற வேலையும் மாத்திற வேலையும் ஒண்டோட ஒண்டு இடிபடும்.

2. தொட முதல் கையில இருக்கவேண்டியது

பழைய ஆப்பின்ர கணக்கு எந்த ஈமெயிலில திறந்தது எண்டதும் அதின்ர பாஸ்வேர்டும். இதிலதான் கனபேர் முதல் நாளே நிண்டுபோறவை, ஏனெண்டா போனில எப்பவோ லொகின் பண்ணினது, பிறகு போன் மாத்தேக்க கடைக்காரத் தம்பி செஞ்சு தந்தது, ஈமெயில் எது எண்டே தெரியாது. பழைய ஆப்பில லொக் அவுட் பண்ண முதல் செட்டிங்ஸுக்குள்ள போய் ஈமெயிலைப் பாத்து ஒரு பேப்பரில எழுதுங்கோ.

ஒரு கொம்பியூட்டர், ரெண்டு மணித்தியாலத்துக்கெண்டாலும் கடன் வாங்குங்கோ. பிரதி எடுக்கிறது, இம்போர்ட் பண்ணுறது (பைலை ஒரேயடியாப் புது ஆப்புக்குள்ள ஏத்துறது) போன்ற வேலையள் கன ஆப்பில பிரவுசருக்குள்ளதான் வடிவா இருக்கும், போன் ஆப்பில அந்தத் தெரிவே இருக்காது. நல்ல சிக்னல் உள்ள இடமும் வேணும், பாதியில டேட்டா அறுந்தா எது வந்தது எது வரேல்ல எண்டு பிடிக்கிறது பெரிய கரைச்சல்.

கடைசியா ஒரு சாதாரணக் கொப்பி. இது ஏன் எண்டு 6ஆவதிலயும் 10ஆவதிலயும் விளங்கும்.

3. பழைய ஆப்பில இருந்து ஒரு முழுப் பிரதி எடுங்கோ

புது ஆப்புக்கு ஒரு எழுத்தும் கொண்டு போக முதல் இதைச் செய்யுங்கோ. பழையது எப்பவும் இருக்கும் எண்டு நம்பக்கூடாது, வுண்டர்லிஸ்ட் எண்டு உலகம் முழுக்கக் கனபேர் பாவிச்ச ஒரு ஆப் இருந்தது, மைக்ரோசொப்ட் வாங்கி, 2020 மே 6ஆம் திகதியோட அதை நிப்பாட்டிட்டினம். அதோட, நீங்களே துப்புரவாக்கேக்க கை தவறி அழிக்கலாம்.

ட்ரெல்லோ எண்டா போர்ட் மெனுவுக்குள்ள ஜேசன் (JSON) பைலா எடுக்கலாம், அது இலவசம், எக்செல்லில அட்டவணையாத் திறக்கிற சிஎஸ்வி (CSV) பைல் வேணும் எண்டா காசு கட்டுற பிரீமியம் வேணும். டொடுயிஸ்ட்டில ஒவ்வொரு புரொஜெக்ட்டா (வேலைத் தொகுதியா) சிஎஸ்வி எடுக்கலாம், ஆனா முடிச்ச வேலையள் அதுக்குள்ள வராது. கூகுள் டாஸ்க்ஸ் எண்டா கூகுள் டேக்கவுட் (கூகுளில இருக்கிற உங்கட விபரங்களை இறக்கித் தாற சேவை) வழியா எடுக்கலாம். ஜேசன் பைலைத் திறந்து பாத்தா சும்மா குறியீடு மாதிரிக் கிடக்கும், பயப்பிடாதேங்கோ, அது அவசரத்துக்கு ஒரு காப்பு மட்டும். அதோட முக்கியமான லிஸ்ட் ஒவ்வொண்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, பிறகு ஒப்பிட்டுப் பாக்க அதுதான் லேசு.

இதில தமிழில எழுதிற எங்களுக்கெண்டு தனியா நாலு குழி இருக்கு.

முதலாவது, சிஎஸ்வி பைலை எக்செல்லில ரெண்டு தரம் தட்டித் திறந்தா தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கல் மாதிரித் தெரியலாம். பைல் பழுதாகேல்ல. எக்செல்லுக்கு அது யூனிகோட் (இப்ப போன், ஆப் எல்லாம் பாவிக்கிற எழுத்து முறை) எண்டு விளங்கேல்ல, அவ்வளவுதான். அப்பிடியே சேவ் பண்ணினீங்கள் எண்டாத்தான் உண்மையாப் பழுதாகும். ஒண்டும் சேவ் பண்ணாமல் மூடிப்போட்டு கூகுள் ஷீட்ஸில திறவுங்கோ, இல்லாட்டி எக்செல்லில டேட்டா மெனுவுக்குள்ள போய் பைலை உள்ள எடுத்து யூடிஎஃப் 8 (UTF-8) எண்டதைத் தெரிவு செய்யுங்கோ.

ரெண்டாவது, போன் நம்பர். எக்செல் அதை ஒரு எண் எண்டு நினைச்சு முன்னுக்கு இருக்கிற 0வை வெட்டிப்போடும், 077 எண்டு தொடங்கிறது 77 ஆகிடும். பைலை உள்ள எடுக்கேக்கயே அந்த நிரலை டெக்ஸ்ட் எண்டு தெரிவு செய்யுங்கோ. எங்களுக்கு ஒவ்வொரு வேலையிலயும் வீட்டுக்காரரின்ர நம்பர் இருக்கு, அதாலதான் இதை அழுத்திச் சொல்லுறன்.

மூண்டாவது, திகதி. 04/05 எண்டு இருந்தா எங்களுக்கு மே 4, அமெரிக்க முறையில ஏப்ரல் 5. வருசம் முன்னுக்கு, பிறகு மாதம், பிறகு நாள் எண்டு 2026-05-04 மாதிரி எழுதினா குழப்பம் இல்லை. 12ஐத் தாண்டின நாளுகள் சரியா வந்திட்டு எண்டு நம்பிப் போகாதேங்கோ, பிழைக்கிறது 1இல இருந்து 12 வரைக்கும் உள்ள நாளுகள்தான்.

நாலாவது, பாமினி. சங்கம், கமக்காரர் அமைப்பு, முன்பள்ளி இப்பிடியான இடங்களில பழைய லிஸ்ட்டெல்லாம் வேர்ட்டில பாமினி எழுத்துருவில அடிச்சுத்தான் கிடக்கும். அது கண்ணுக்குத் தமிழ் மாதிரித் தெரியுதே தவிர உள்ளுக்க இங்கிலிஷ் எழுத்து, ஆப்பில கொப்பி பண்ணிப் போட்டா அர்த்தமில்லாத இங்கிலிஷ் எழுத்தாத்தான் வரும். இணையத்தில பாமினியை யூனிகோட்டாக்கிற மாத்திகள் இருக்கு, அதில மாத்திப்போட்டுக் கொண்டு வாங்கோ. ஒரு கவனம்: இடையில உண்மையா இங்கிலிஷில எழுதின சொல்லுகள், மோட்டர் மொடல் பேர் மாதிரியானது, அதுகளும் சேர்ந்து தமிழ் எழுத்தா மாறிக் குழம்பும், அதுகளைக் கையாலதான் திருத்தவேணும். அந்தச் செயலாளர் அக்கா நாப்பது பேரின்ர கடன் விபரத்தை இப்பிடி மாத்தினவ, பேரும் தொகையும் ஒவ்வொண்டா இருந்து பாத்தவ, அந்தப் பொறுமை வீண்போகேல்ல.

4. செத்த வேலையளைப் பழையதிலயே விடுங்கோ

பழைய லிஸ்ட்டில இருக்கிற எல்லாமே வேலை இல்லை. "ஒருக்கா பாக்கோணும்", "இவரோட கதைக்கோணும்" எண்டு ரெண்டு வருசமாக் கிடக்கிறதுகளைத் தூக்கிக்கொண்டு போனா புது ஆப்பும் முதல் நாளே பழைய ஆப் மாதிரித்தான் இருக்கும், திறக்கவே மனம் வராது.

நான் பாவிக்கிற அளவுகோல் இதுதான். திகதி இருக்கிறது, ஆரோ ஒரு ஆள் எங்களை நம்பி இருக்கிறது, காசு சம்பந்தப்பட்டது, இந்த மூண்டில ஒண்டெண்டாலும் சரியெண்டா வரட்டும். மிச்சம் பழையதிலயே கிடக்கட்டும், அழிக்கத் தேவையில்லை, பிரதியும் இருக்கு. முடிச்ச வேலையளைக் கொண்டு வரவே வேண்டாம். எங்கட லிஸ்ட்டில பாதிக்கு மேல இப்பிடிக் கழிஞ்சது, கழிஞ்சதில திரும்பத் தேடி எடுத்தது ரெண்டே ரெண்டு.

5. ஒரு டாஸ்க்கும் கொண்டு வர முதல் அலாம் அடிக்குதோ பாருங்கோ

இந்த வழிகாட்டியில ஒண்டை மட்டும் செய்யுங்கோ எண்டு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவன். எல்லாரும் இதைக் கடைசிக்குத் தள்ளுறவை, அல்லது ஆப் போட்டாச்சு தானா அடிக்கும் எண்டு விடுறவை. மச்சானுக்கு நடந்தது இதுதான். புது ஆப்பில எல்லாம் வடிவா அடுக்கி வைச்சவர், விசுவமடுவில ஒருத்தருக்கு விடிய 6 மணிக்கு வயல் உழுது தாறன் எண்டு சொன்ன நாள், போன் அடிக்கேல்ல. போனின்ர பட்டரி மிச்சப்படுத்திற செட்டிங் அந்த ஆப்பை இரவோட இரவா நித்திரையாக்கிப் போட்டுது. ஆள் காத்திருந்து பாத்திட்டு வேற மெசினைக் கூப்பிட்டிட்டார்.

ஆப்பைப் போட்டவுடன இதுகளைப் பாருங்கோ. ஆண்ட்ரொயிட் 13உம் அதுக்குப் பிறகு வந்ததும் உள்ள போனுகளில ஒவ்வொரு ஆப்பும் நொட்டிபிகேசன் அனுப்ப உங்களிட்ட அனுமதி கேக்கும், அவசரத்தில "வேண்டாம்" எண்டு தட்டியிருப்பியள். செட்டிங்ஸுக்குள்ள அந்த ஆப்பைத் தேடி அனுமதியைக் குடுங்கோ. பிறகு "அலாம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்" எண்டு தனியா ஒரு அனுமதி இருந்தா அதையும் குடுங்கோ, அது இல்லாட்டி சொன்ன நேரத்துக்குச் சரியா அடிக்காமல் பிந்தி அடிக்கலாம்.

அடுத்தது பட்டரி. ஆப்பின்ர பட்டரி செட்டிங்கில கட்டுப்பாடு இல்லை எண்ட தெரிவுக்கு மாத்துங்கோ. சாம்சுங் போனில "ஸ்லீப்பிங் ஆப்ஸ்" எண்ட லிஸ்ட்டுக்குள்ள புது ஆப் போகாமல் பாக்கோணும், சியோமி மாதிரிப் போனுகளில "ஓட்டோஸ்டார்ட்" எண்டதை ஒன் பண்ணோணும். கரண்ட் இல்லாத நேரம் பட்டரி சேவரைப் போட்டு வைக்கிற பழக்கம் எங்கட பக்கம் கன ஆக்களுக்கு இருக்கு, அது போட்டிருக்கேக்கயும் அலாம் வருதோ எண்டு பாருங்கோ.

நேர வலயத்தையும் பாருங்கோ. போனில கொழும்பு நேரம் இருந்தாலும் ஆப்பின்ர கணக்குக்குள்ள வேற ஊர் கிடக்கலாம், முக்கியமா கனடாவில, லண்டனில இருக்கிற சொந்தக்காரர் திறந்து தந்த கணக்கு எண்டா. கனடாவில ரொறன்ரோ நேரம் கிடந்தா, மாரிகாலத்தில எங்கட விடிய 6 மணி அங்க முதல் நாள் இரவு 7.30. அலாம் அடிக்கும், ஆனா தேவையான நேரத்தில இல்லை.

இப்ப சோதனை, ரெண்டு தரம் செய்யோணும். முதலாவது, 5 நிமிசத்துக்குப் பிறகு அடிக்கச் சொல்லி ஒரு டாஸ்க் போட்டு, ஸ்கிரீனை ஓப் பண்ணி, போனைக் கையில எடுக்காமல் வையுங்கோ. இது அனுமதியைச் சோதிக்கிறது. ரெண்டாவது, அடுத்த நாள் விடிய 5.30க்கு ஒண்டு போட்டிட்டுப் படுங்கோ, இரவு ஆப்பைத் திறக்கவே வேண்டாம். இது பட்டரியைச் சோதிக்கிறது, ஏனெண்டா போன் கன நேரம் சும்மா கிடந்தாத்தான் ஆப்பை நித்திரையாக்கும், 5 நிமிசச் சோதனையில அது தெரியாது. ரெண்டும் அடிச்சாத்தான் அடுத்த படிக்குப் போங்கோ. சத்தத்தையும் வாட்ஸப் சத்தத்தில இருந்து வேறயா வையுங்கோ, ஒரே சத்தம் எண்டா காது அதைக் கவனியாமல் விட்டிடும்.

6. புது ஆப்பின்ர பேச்சைப் படியுங்கோ

ஒவ்வொரு ஆப்பும் ஒரே பொருளுக்கு வேற பேர் வைச்சிருக்கும், ஒரே பேருக்கு வேற பொருளும் வைச்சிருக்கும். கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தில ரெண்டு நிரல் கீறுங்கோ, இடப்பக்கம் பழையதில நீங்கள் செய்த வேலை, வலப்பக்கம் அது புதுசில எங்க. ட்ரெல்லோவில எங்களுக்கு "போகவேண்டியது", "பாட்ஸ் வரும்வரை", "காசு வரவேணும்" எண்டு மூண்டு லிஸ்ட், வேலை எழுதின கார்ட்டை ஒண்டில இருந்து மற்றதுக்கு இழுப்பம். டொடுயிஸ்ட்டில அதை ஒரு புரொஜெக்ட்டுக்குள்ள மூண்டு செக்சனா (உள்பிரிவா) வைச்சம். முதல் ஒவ்வொண்டையும் ஒவ்வொரு புரொஜெக்ட்டா வைக்கத்தான் யோசிச்சது, ஆனா இலவசக் கணக்கில 5 புரொஜெக்ட்தான் வைக்கலாம், அதோட ஒரு வேலை மூண்டு இடத்துக்கு அலையும்.

பழைய ஆப்பின்ர வடிவத்தைப் புதுசில அப்பிடியே கட்ட வெளிக்கிடாதேங்கோ. கனபேர் முதல் நாள் முழுக்க நிறம், லேபல், படம் எண்டு சோடிச்சு, ரெண்டாம் நாள் களைச்சுப்போறவை. ஒரு லிஸ்ட் அல்லது ரெண்டு லிஸ்ட்டோட தொடங்குங்கோ, ரெண்டு கிழமை போகத் தானா விளங்கும் எது இன்னும் தேவை எண்டு.

ஆக்கள் பயந்த ரெண்டு இடத்தைச் சொல்லவேணும். மைக்ரோசொப்ட் டு டூவில "மை டே" எண்ட பக்கம் ஒவ்வொரு இரவும் வெறுமையாகும். ரீச்சர் முதல் நாள் பத்து வேலை போட்டு, விடிய எழும்பிப் பாத்தா ஒண்டும் இல்லை, எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டு எனக்கு கோல் எடுத்தவ. ஒண்டும் அழியாது, முடியாத வேலையள் அதின்ர லிஸ்ட்டுக்குள்ளயே இருக்கும், நேர மை டேக்குள்ள எழுதினது "டாஸ்க்ஸ்" எண்ட லிஸ்ட்டுக்குள்ள இருக்கும், அண்டைக்கு எதைச் செய்யப்போறியள் எண்டு விடிய நீங்களே தெரிவு செய்யவேணும் எண்டதுதான் அதின்ர நோக்கம். ரெண்டாவது இடமும் அதே ஆப்பிலதான், முடிக்கவேண்டிய திகதி வேற, ரிமைண்டர் வேற. திகதியை மட்டும் போட்டிட்டு நேரத்துக்கு அடிக்கும் எண்டு இருந்தா அடிக்காது.

7. இப்பத்தான் டாஸ்க்குகளைக் கொண்டு வாங்கோ

துப்புரவாக்கின பிறகு மிஞ்சினது ஒரு அம்பதுக்குள்ள எண்டா இம்போர்ட் வேண்டாம், கையால எழுதுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், ஆனா எழுதேக்க ஒவ்வொரு வேலையையும் திரும்ப ஒருக்கா யோசிப்பியள், அதோட புது ஆப்பின்ர பட்டன் எல்லாம் கைக்குப் பழகிடும். அந்த அம்பதும் முடியேக்க நீங்கள் புது ஆள் இல்லை.

அதுக்கு மேல எண்டா இம்போர்ட் பண்ணுங்கோ, ஆனா முதல் மூண்டே மூண்டு டாஸ்க் உள்ள சின்ன பைலை ஏத்திப் பாருங்கோ. தமிழ் எழுத்து சரியோ, திகதி சரியோ, நம்பரில 0 இருக்கோ, குறிப்பு எழுதினது வந்ததோ எண்டு பாத்திட்டு முழுசையும் ஏத்துங்கோ. 200 டாஸ்க்கை ஏத்தி எல்லாத்திலயும் திகதி பிழைச்சா திருத்திறதுக்கு அரை நாள் போகும். பிழைச்சு எண்டு திரும்ப ஏத்த முதல் முன்னம் வந்ததை அழியுங்கோ, இல்லாட்டி எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்கும்.

டாஸ்க்கின்ர பேரை எழுதிற விதத்தையும் இதில மாத்துங்கோ. "மோட்டர்" எண்டு மட்டும் கிடந்தா ஒரு கிழமையில அது என்னெண்டு மறந்திடும். "அக்கராயன், பெரியம்மா வீடு, மோட்டர் கழட்டி எடுத்து வாறது" எண்டு ஊர், ஆள், செய்யவேண்டியது மூண்டும் இருக்கட்டும். ஊரை முன்னுக்கு எழுதிறதுக்கு ஒரு காரணம் இருக்கு, தேடேக்க "அக்கராயன்" எண்டு அடிச்சா அந்தப் பக்கம் உள்ள எல்லா வேலையும் ஒண்டா வரும், ஒரு பயணத்தில முடிக்கலாம். அதோட ஊர்ப் பேரை எல்லாரும் ஒரே மாதிரி எழுதோணும், ஒருத்தர் புதுக்குடியிருப்பு எண்டும் இன்னொருத்தர் பிடிகே எண்டும் எழுதினா தேடலில பாதி தப்பிடும்.

டாஸ்க் பேர் தமிழில எழுதிறதில ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா டொடுயிஸ்ட் மாதிரி எழுத்திலயே திகதியைப் பிடிக்கிற ஆப்பில "நாளைக்கு 6 மணி" எண்டு தமிழில எழுதினா அது வெறும் எழுத்தாத்தான் நிக்கும், திகதியாகாது. திகதியை மட்டும் இங்கிலிஷில அடியுங்கோ, அல்லது கலண்டரைத் தட்டித் தெரிவு செய்யுங்கோ. எங்கட குழுவில ரெண்டு தம்பிமார் ஒரு கிழமை முழுக்க தமிழில திகதி எழுதி, ஒண்டும் அடிக்குதில்லை எண்டு திரிஞ்சவை.

8. திரும்பத் திரும்ப வாற வேலையளைக் கையாலயே போடுங்கோ

இம்போர்ட்டில அதிகமாத் துலையிறது இதுதான். பழையதில "ஒவ்வொரு மாதமும்" எண்டு இருந்தது புதுசில ஒரே ஒரு திகதியா வந்து நிக்கும். முதல் மாதம் அடிக்கும், நீங்களும் சரி எண்டு விடுவியள், அடுத்த மாதம் சத்தமே வராது. அதால இம்போர்ட் பண்ணினாலும் இதுகளைத் தனியா ஒரு பேப்பரில எழுதி ஒவ்வொண்டா நீங்களே போடுங்கோ.

போட முதல் எந்த வகை எண்டு பிரியுங்கோ.

ஒண்டு, நாள் அசையாதது. கடன் கட்டுறது மாதம் 10ஆம் திகதி எண்டா நீங்கள் போன மாதம் 13ஆம் திகதி கட்டினாலும் இந்த மாதம் 10தான். டொடுயிஸ்ட்டில இது "எவ்ரி" (every) எண்டு போடுறது.

ரெண்டு, கடைசியாச் செய்த நாளில இருந்து எண்ணுறது. சொட்டுநீர்ப் பில்டர் 7 நாளைக்கு ஒருக்காக் கழுவுறது. மழையால மூண்டு நாள் பிந்திக் கழுவினா அடுத்தது கழுவின நாளில இருந்து 7 நாள், பழைய திகதியில இருந்து இல்லை. டொடுயிஸ்ட்டில "எவ்ரி" எண்ட சொல்லுக்குப் பின்னால இடைவெளி விடாமல் ஒரு ஆச்சரியக்குறி (every!) போட்டா இப்பிடி எண்ணும். அந்த ஒரு குறியைத்தான் எல்லாரும் தவறவிடுறவை. மற்ற ஆப்புகளில இதுக்கு வேற பேரில தெரிவு இருக்கும், இல்லாமலும் இருக்கும், இல்லாட்டி வேலை முடிஞ்சவுடன அடுத்த திகதியை நீங்களே போடுங்கோ.

மூண்டு, திகதியே முன்கூட்டித் தெரியாதது. எங்கட பக்கம் இது கனக்க. சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) இரணைமடுக் குளத்தில எவ்வளவு தண்ணி, எத்தினை ஏக்கர் செய்யலாம், எண்டைக்குத் திறக்கிறது எண்டதெல்லாம் கூட்டம் வைச்சு முடிவெடுக்கிறது, அதை ஆப்பில "வருசா வருசம் இந்தத் திகதி" எண்டு போட்டா பிழைக்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில வரும், இங்கிலிஷ் திகதி வருசத்துக்கு வருசம் மாறும், அண்டைக்கு முல்லைத்தீவுப் பக்கம் நாங்கள் வேலை போடுறதில்லை. இப்பிடியானதுக்கு நிகழ்வைப் போடாமல் "திகதி கேட்டுப் போடவும்" எண்ட வேலையைப் போடுங்கோ, பங்குனி தொடக்கத்தில ஒருக்கா, சித்திரையில ஒருக்கா.

காசு சம்பந்தமானதுக்கு இன்னொண்டு. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில வங்கி இல்லை, அது மாதா மாதம் வேற திகதியில வரும், சனி ஞாயிறும் இருக்கு. ஆப்புக்கு இது தெரியாது. கட்டவேண்டிய நாளுக்கு ரெண்டு மூண்டு நாள் முன்னம் அடிக்கிற மாதிரிப் போடுங்கோ. மாதக் கடைசி வேலைக்கு 31 எண்டு போடாதேங்கோ, 31 இல்லாத மாதத்தில ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு மாதிரி நடக்கும், "கடைசி நாள்" எண்ட தெரிவு இருந்தா அதை எடுங்கோ.

ஒரு விசயம் தெரிஞ்சிருக்கட்டும், திரும்ப வாற டாஸ்க்கை முடிஞ்சுது எண்டு தட்டினா அது மறையாமல் அடுத்த திகதியோட திரும்ப நிக்கும். தட்டினது விழேல்ல எண்டு நினைச்சு திரும்பத் திரும்பத் தட்டாதேங்கோ, மாத வேலை எண்டா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மாதம், வருச வேலை எண்டா ஒரு வருசம் தள்ளிப்போகும். ஒரு அண்ணை இப்பிடித் தட்டி வாகன வரிப் பத்திரம் புதுப்பிக்கிறதை மூண்டு வருசம் அங்கால கொண்டுபோட்டார்.

9. கூட வேலை செய்யிற ஆக்களைக் கடைசியாச் சேருங்கோ

நீங்கள் ஒரு கிழமை தனியப் பாவிச்ச பிறகுதான் மற்றவையைக் கூப்பிடுங்கோ. நீங்களே தடுமாறிக்கொண்டிருக்கேக்க நாலு பேர் வந்து கேள்வி கேட்டா எல்லாரும் வாட்ஸப் குறூப்புக்கே திரும்பிப் போயிடுவினம். சேர்க்க முதல் உங்கட ஆப்பில அந்த வசதி இருக்கோ எண்டு பாருங்கோ, கூகுள் டாஸ்க்ஸில ஒரு லிஸ்ட்டை இன்னொராளோட பகிர ஏலாது, இது தெரியாமல் மாறினவை இருக்கினம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பேர் இருக்கவேணும். ரெண்டு பேரின்ர பேர் போட்டா மற்றவர் பாப்பார் எண்டு ரெண்டு பேரும் விடுவினம், இது ஆப் இல்லாத காலத்திலயும் நடந்ததுதான்.

சிக்னல் விசயத்தையும் சேர்த்துச் சொல்லிக் குடுங்கோ. மாங்குளத்தால ஒட்டுசுட்டான் பக்கம் இறங்கினா எங்களுக்கு இடையிடை சிக்னல் இல்லை. அங்க நிண்டு "முடிஞ்சுது" எண்டு தட்டினா அது அந்தப் போனுக்குள்ள மட்டும்தான் நிக்கும், சிக்னல் வந்த பிறகு ஆப்பைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டாத்தான் மற்றவைக்குத் தெரியும். அதுக்கு முதல் லொக் அவுட் பண்ணினாலோ ஆப்பை அழிச்சுத் திரும்பப் போட்டாலோ அண்டைய பதிவு போயிடும். "ஆப் வேலை செய்யுதில்லை, அழிச்சுப் போடுறன்" எண்டு தம்பிமார் சொன்னா முதல்ல தடுத்துக் கேளுங்கோ, சிக்னல் இருக்கிற இடத்தில ஒருக்காத் திறந்து பாத்தியளோ எண்டு.

வயது போன ஆக்களையும், போனில வாசிக்கக் கஸ்ரப்படுறவையையும் ஆப்புக்குள்ள இழுக்காதேங்கோ. எங்களோட கிணறு இறங்கிற ஐயா ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு நாங்கள் முதல் நாள் பின்னேரம் கோல் எடுத்துச் சொல்லுறம். அந்தக் கோல் எடுக்கிறது எங்கட ஆப்பில ஒரு டாஸ்க்.

10. முதல் ரெண்டு கிழமை

திங்கள் விடியத் தொடங்கி புது வேலை ஒண்டும் பழைய ஆப்பில எழுதக்கூடாது. பாக்கலாம், எழுதக்கூடாது. பழைய ஆப்பின்ர ஐகனை முதல் பக்கத்தில இருந்து எடுத்து உள்ளுக்க எங்கயாவது போடுங்கோ, புதுசை அந்த இடத்தில வையுங்கோ, விரல் பழக்கத்தில அங்கதான் போகும்.

விடிய தேத்தண்ணி குடிக்கேக்க 5 நிமிசம், இண்டைக்கு என்ன எண்டு பாக்கிறது. பின்னேரம் வேலை முடிஞ்சு 5 நிமிசம், முடிஞ்சதைத் தட்டி, முடியாததுக்குத் திகதி மாத்திறது. பின்னேரம் பாக்கிறதைத்தான் ஆக்கள் விடுறவை, ஆனா அதை விட்டா மூண்டாம் நாள் திறக்கேக்க சிவப்பில பிந்தின வேலையள் நிரைக்கு நிக்கும், அதைப் பாத்தே மூடிப்போடுவியள். அப்பிடி நிண்டா ஒவ்வொண்டா யோசிக்காமல் எல்லாத்தையும் ஒரேயடியா நாளைக்கு மாத்திப்போட்டு, அதுக்குப் பிறகு இருந்து பிரியுங்கோ.

வீதியில நிக்கேக்க வாற வேலைக்கு லிஸ்ட், லேபல் எண்டு பாக்காதேங்கோ, இன்பொக்ஸுக்குள்ள (இன்னும் லிஸ்ட்டுக்குப் பிரிக்காத வேலையள் நிக்கிற இடம்) ஒரு வரி போட்டால் காணும், பின்னேரம் உரிய இடத்துக்கு மாத்தலாம். மோட்டச்சைக்கிளில நிண்டு ஒழுங்குபடுத்தப் போனா "பிறகு எழுதுவம்" எண்டு விடுவியள், பிறகு எழுதமாட்டியள்.

ஒவ்வொரு சனியும் கொப்பியைத் திறந்து, அந்தக் கிழமை புது ஆப்பில எது தவறினது எண்டு எழுதுங்கோ, ஏன் தவறினது எண்டும் எழுதுங்கோ. அடிக்கேல்லையோ, அடிச்சும் கவனிக்கேல்லையோ, எழுதவே இல்லையோ. இந்த மூண்டுக்கும் மருந்து வேற வேற. அடிக்கேல்ல எண்டா 5ஆவதுக்குப் போங்கோ, கவனிக்கேல்ல எண்டா ரிமைண்டர் கூடிப்போச்சு, முக்கியமில்லாததில இருந்து எடுங்கோ, எழுதேல்ல எண்டா எழுதிற இடம் கைக்கு எட்டாமல் இருக்கு, ஆப்பின்ர விட்ஜெட்டை (ஆப்பைத் திறக்காமலே தெரியிற சின்னப் பெட்டி) போனின்ர முதல் பக்கத்தில வையுங்கோ.

11. பழையதை மூடுறது

நாலு கிழமை கழிச்சு, பழையதை ஒரு கிழமையாத் திறக்கவே இல்லை எண்டாத்தான் மூடுங்கோ. மூட முதல் 3ஆவதில எடுத்த பிரதியை ஒருக்காத் திறந்து பாத்து, போனில மட்டும் வைக்காமல் ஈமெயிலுக்கும் அனுப்பி வையுங்கோ.

காசு கட்டிப் பாவிச்ச ஆப் எண்டா கவனம், ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. பிளே ஸ்டோரால கட்டினது எண்டா பிளே ஸ்டோருக்குள்ள சப்ஸ்கிரிப்சன் எண்ட இடத்தில போய் நிப்பாட்டவேணும், ஆப்பின்ர இணையத்தளத்தில கார்ட் குடுத்துக் கட்டினது எண்டா அந்தத் தளத்துக்குள்ள. முதல்ல சந்தாவை நிப்பாட்டுங்கோ, உறுதிப்படுத்தின ஈமெயில் வரும்வரைக்கும் பொறுங்கோ, அதுக்குப் பிறகு கணக்கை அழியுங்கோ, ஆப்பை அழிக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. பழைய கணக்கில வாடிக்கையாளரின்ர பேர், நம்பர், கடன் விபரம் இருந்தது எண்டா கணக்கை அழிக்காமல் விடாதேங்கோ, ஆப்பை போனில இருந்து எடுத்தாலும் அந்த விபரங்கள் அங்கயே கிடக்கும்.